வாடைக் காலத்துத் திருகோணமலைக் கடற்கரை: அலைக்கும் மரக்குற்றிக்கும் அகப்படாமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், வவுனியாவில் இருந்து வந்திருந்த அக்காவின் மகன் நிலாவெளிக் கரையில் கிடந்த ஒரு மரக்குற்றியில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பதினொரு வயது. அலை அவன் காலுக்கு நாலைந்து அடி முன்னாலேயே நின்று திரும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் பக்கத்திலேயே பாயை விரித்து இடியப்பப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தோம், அரை மணி நேரமாக ஒன்றும் நடக்கவில்லை, அதனால் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. அப்புறம் ஒரு அலை கொஞ்சம் கூடுதலாக ஏறி வந்தது. குற்றி கரைப்பக்கம் அரைச் சுற்று உருண்டது, பிள்ளை முன்பக்கமாகக் கடலைப் பார்த்து விழுந்தான், தண்ணீர் திரும்பி இறங்கும்போது அதே குற்றி கீழ்நோக்கி உருண்டு வந்து அவன் காலை மண்ணோடு சேர்த்து அமுக்கிவிட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கப் பார்த்தோம், அசையவே இல்லை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து, "தம்பி, தூக்காத. மண்ணைக் கிண்டு" என்றார். கிண்டினோம், கால் வெளியே வந்தது. எலும்பில் வெடிப்பு, ஆறு கிழமை பிளாஸ்டர், அவ்வளவோடு போயிற்று. இன்னும் ஒரு பெரிய அலை முந்தி வந்திருந்தால் அவன் முகமும் தண்ணீருக்குள் போயிருக்கும்.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாமல் இருந்ததையும், அதன் பின் கரைவலைக்காரர்களிடமும் படகுக்காரர்களிடமும் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதையும், நீங்கள் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. புறப்படுமுன் மாதத்தைப் பாருங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று தரையில் இருந்து கடலை நோக்கி அடிக்கிறது, உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் அடங்கிக் கிடக்கிறது. ஒக்டோபர் பிற்பகுதியில் இருந்தே நிலைமை மாறத் தொடங்கும். நவம்பரில் இருந்து பெப்ரவரி வரை வாடை, அதாவது வடகீழ்ப் பருவக்காற்று, வங்காள விரிகுடாவைத் தாண்டி நேராக எங்கள் கரையை நோக்கி வரும். புயல்கள் வருவதும் இந்தக் காலத்தில்தான். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்குச் சற்று வடக்கே கரையேறியது, 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது மகாவலி பெருக்கெடுத்தது.

சிக்கல் என்னவென்றால் பள்ளிக்கூட விடுமுறையும் புதுவருடமும் தைப்பொங்கலும் இதே மாதங்களில்தான் வருகின்றன. கோணேசர் கோயிலுக்கு வரும் பஸ்கள் கும்பிட்டு முடிந்ததும் நேரே கடற்கரைக்குத் திரும்புகின்றன. மலையகத்தில் இருந்தும் வன்னியில் இருந்தும் வருகிறவர்களில் நல்ல நீச்சல்காரர் பலர், ஆனால் அவர்கள் நீந்தியது ஆற்றிலும் குளத்திலும். இந்தப் பழக்கம் வாடைக் கடலில் அதிகம் உதவாது, சில நேரம் தேவையில்லாத துணிச்சலையும் கொடுத்துவிடும்.

முதல் நாள் இரவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் பிரதேச அறிவித்தலைப் பாருங்கள். கடற்றொழிலாளருக்காக வெளியிடுவது, தமிழிலும் வருகிறது. கரையோரம் கொந்தளிப்பாக இருக்கும் என்றோ மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றோ அதில் இருந்தால், கரையில் நடப்பவருக்கும் அதே எச்சரிக்கைதான். பெரிய படகோடு போகிறவரையே நிறுத்துகிற கடல் அது.

2. குற்றி எங்கிருந்து வந்தது, எவ்வளவு பாரம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரையில் கிடக்கும் மரத்தை எல்லோரும் ஆசனமாகத்தான் பார்க்கிறார்கள்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது, அதன் ஒரு கிளை வெருகல் ஆறாகத் தெற்கே போய்க் கடலில் சேர்கிறது. வடக்கே புல்மோட்டைப் பக்கம் யான் ஓயா. மாரியில் இந்த ஆறுகள் பெருகும்போது கரையோர மரங்கள் வேரோடு சரிந்து தண்ணீரில் போய்விடுகின்றன. மகாவலியில் மேலே அணைகள் இருப்பதால் எங்களிடம் வருவது பெரும்பாலும் அணைகளுக்குக் கீழே உள்ள காட்டு மரமாகத்தான் இருக்கும். இவற்றோடு கரையோரத்துத் தென்னையும் பனையும், கண்டல் மரமும், கடலில் நாள்கணக்காக மிதந்து திரிந்தவையும் சேர்ந்து வரும்.

இப்போது பாரத்தைப் பார்ப்போம். 40 சென்ரிமீற்றர் குறுக்களவும் 5 மீற்றர் நீளமும் உள்ள ஒரு குற்றி, பார்க்கப் பெரிதாகத் தெரியாது. அதன் கன அளவு கிட்டத்தட்ட 0.63 கன மீற்றர். தண்ணீர் ஊறிய மரமென்றால் அரைத் தொன்னுக்கு மேல் நிற்கும், அதாவது ஒரு ஓட்டோவைவிடப் பாரம். பாலை போன்ற வைரம் பாய்ந்த மரமென்றால் இன்னும் கூடும். நாலு பேர் தூக்க முடியாமல் நின்றதற்குக் காரணம் இதுதான்.

இத்தனை பாரமான சாமானைக் கடல் எப்படி நகர்த்துகிறது? மிதக்க வைக்க முழங்காலளவு தண்ணீர் போதும். உருட்டுவதற்கு அதுவும் வேண்டாம், வேகமாக ஏறி வரும் ஒரு சாண் தண்ணீர் போதும், ஏனென்றால் உருண்டையான மரம் ஈர மணலில் தடை இல்லாமல் உருளும். ஏறும் தண்ணீர் கரைப்பக்கம் தள்ளும், இறங்கும் தண்ணீர் கடற்பக்கம் இழுக்கும். ஆகவே குற்றிக்கு முன்னால் நின்றாலும் ஆபத்து, பின்னால் நின்றாலும் ஆபத்து. கரைக்குச் சமாந்தரமாகக் கிடப்பது உருளும். ஒரு முனை கடலைப் பார்த்துக் கிடப்பது, கதவு திறப்பதுபோல் மறுமுனையை மையமாக வைத்துச் சுழன்று அடிக்கும். வேரோடு வந்த மரம் உருளாது என்று நினைப்பார்கள், அது குடைசாயும், வேர் மேலிருந்து கீழே வரும்.

3. கரையில் இறங்குமுன் இருபது நிமிடம்

வாகனத்தை நிறுத்தியதும் பிள்ளைகள் ஓடத்தான் பார்ப்பார்கள். பிடித்து வையுங்கள். உலர்ந்த மேட்டில் நின்று இருபது நிமிடம் கடலைப் பாருங்கள், அதுவும் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்து, ஏனென்றால் ஐந்து நிமிடமே இருபதுபோல் இருக்கும். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் பல நிமிடம் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தில் வந்து இறங்குகிறவர் கடல் இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார். நாங்கள் செய்த பிழையும் அதுதான்.

பார்க்கும்போது மணலையும் வாசியுங்கள். கறுத்து ஈரமாக இருக்கும் மணல் எங்கே முடிகிறது? அதற்கு மேலே சிப்பி, பாசி, பிளாஸ்டிக் போத்தல் எல்லாம் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோடு எங்கே? கடைசியாகத் தண்ணீர் ஏறி வந்த இடம் அது. குற்றிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். குற்றி தானாக நடந்து வரவில்லை, அது கிடக்கிற இடம் வரைக்கும் அதைத் தூக்கி வரக்கூடிய கடல் வந்திருக்கிறது.

வந்து எவ்வளவு காலம் என்பதையும் மரமே சொல்லும். கறுப்பாக, ஈரமாக, பட்டையோடு, பக்கத்தில் மணல் அரிபட்டுக் குழியாக இருந்தால் புதிது, இன்று இரவே இடம் மாறலாம். வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகி, பாதி மணலுக்குள் புதைந்து, மேலே அடம்பன் கொடி படர்ந்திருந்தால் கடல் அந்த இடத்துக்கு மாதக்கணக்கில் வரவில்லை. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் அடர்ந்து வளர்ந்திருக்கும் எல்லையை நான் பெரிதும் நம்புகிறேன். புயல் வந்தால் அதையும் கடல் தாண்டும், ஆனால் சாதாரண வாடை நாளில் அதற்கு மேலே இருப்பவர் நனைவதில்லை.

வற்றுப்பெருக்கு அட்டவணை பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். எங்கள் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறும் என்பதை இங்கே காற்றும் அலையும்தான் தீர்மானிக்கின்றன.

4. எங்கே உட்காருவது

பாயை அடம்பன் கோட்டுக்கு மேலே விரியுங்கள். ஈர மணலில் கிடக்கும் குற்றியில் உட்காருவது, ஏறி நடப்பது, பிள்ளையை ஏற்றிப் படம் எடுப்பது மூன்றும் வேண்டாம். படம் எடுக்கும்போது எடுப்பவர் கடலுக்கு முதுகு காட்டி நிற்பார், அல்லது பிள்ளை நிற்கும், இரண்டும் கெட்டது. அழகான மரமென்றால் உலர்ந்து கொடி படர்ந்ததைத் தேடிப் பிடியுங்கள், தேடினால் கிடைக்கும்.

குற்றிகள் குவிந்து கிடக்கும் இடத்தில் இன்னொரு பயமும் உண்டு. வெள்ளத்தோடு பாம்பு வரும், குவியலுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். கையை விட்டு விறகு பொறுக்காதீர்கள். கரையில் சோர்ந்து கிடக்கும் கடற்பாம்பைக் குச்சியால்கூடத் தொடவேண்டாம், அதன் நஞ்சு கடுமையானது. ஆற்று முகத்துவாரப் பக்கமென்றால் முதலையும் இருக்கலாம், மிதக்கும் குற்றி என்று நினைத்தது நகரும்.

5. நடக்கும்போது

ஈர மணலில் நடக்கத்தான் சுகம், புரிகிறது. நடங்கள், ஆனால் கடல் எப்போதும் கண் ஓரத்தில் தெரியும்படி. சின்னப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடியுங்கள், விரலைப் பிடித்தால் நழுவும். ஒரு பக்கம் குற்றியும் மறுபக்கம் அலையும் இருக்கும் ஒடுக்கமான இடம் வந்தால் மேலே ஏறிச் சுற்றி வாருங்கள். வாடையில் கடல் மணலை அரித்துச் சில இடங்களில் ஆளுயரத்துக்கு நிமிர்ந்த மண்சுவர் நிற்கும், அதன் அடியில் போவதும் விளிம்பில் நிற்பதும் ஒன்றுதான், சரிந்துவிடும். சேலையோ நீளமான சல்வாரோ உடுத்தியிருப்பவர் முழங்காலுக்கு மேல் நனைந்தால் துணியின் பாரமே இழுக்கும், ஆகவே கரைமேலேயே நில்லுங்கள் என்று அம்மாமாரிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

இருட்டிய பிறகு ஈர மணலுக்குப் போகாதீர்கள். இரவில் குற்றி தெரியாது, அலையின் உயரமும் தெரியாது.

நகரத்தில் டச்சு பே பக்கமும் கோணேசர் மலை அடிவாரப் பக்கமும் உள்ள பாறைகளுக்கும் இதே கதைதான். பாறை கறுத்து ஈரமாக இருந்தால் அலை அங்கே வருகிறது என்று அர்த்தம், காய்ந்த பாறையோடு நின்றுகொள்ளுங்கள்.

6. குளிக்கத்தான் வேண்டும் என்றால்

டிசம்பர், ஜனவரியில் திறந்த கடலில் குளிக்க வேண்டாம் என்பதுதான் என் நேர்மையான பதில். சிவப்புக் கொடி இருந்தால் பேச்சே இல்லை. குற்றிகள் கரையில் கிடக்கும் நாளில் தண்ணீருக்குள்ளும் குற்றிகள் இருக்கும், பாதி அமிழ்ந்து, மேலே ஒரு கை அகலம் மட்டும் தெரிய. கலங்கிய தண்ணீரில் அதுவும் தெரியாது. அலை மடியும்போது அந்த மரமும் சேர்ந்து மடியும்.

மற்ற நாட்களில் இறங்குகிறவர்கள் இழுவை நீரோட்டத்தைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுத்தோ மணல் கலங்கியோ தெரியும், நுரை கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அலை இல்லை என்று எல்லோரும் அந்த இடத்தில்தான் இறங்குவார்கள். கரைக்கு ஏறிய தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. இறக்கக்கண்டிப் பாலத்தடிபோல் களப்பு கடலோடு சேரும் இடங்களில், மழைக்குப் பின் வெளியேறும் தண்ணீரும் சேர்ந்து இழுக்கும்.

அகப்பட்டுவிட்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள். வேகமான இழுவை விநாடிக்கு 2 மீற்றரையும் தொடும், ஒலிம்பிக் நீச்சல்காரர் 100 மீற்றர் ஓட்டத்தில் நீந்தும் வேகம் கிட்டத்தட்ட அதுவே. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக விடுங்கள், கையை உயர்த்திக் காட்டுங்கள், இழுவை உங்களைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். பலம் இருந்தால் கரைக்குச் சமாந்தரமாக, அலை உடையும் பக்கமாக நீந்தி, பிறகு சரிவாகக் கரைக்கு வாருங்கள்.

வாடைக் காலத்தில் கரை செங்குத்தாகிவிடுவதால் அலை கரையிலேயே மடிந்து விழும். அதற்குள் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தை உடைத்துக்கொள்ள முழங்கால் தண்ணீரே போதும்.

7. ஒருவர் குற்றிக்குக் கீழே அகப்பட்டால்

முதலில் ஒருவர் கடலைப் பார்த்து நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை இல்லை, பெரிய அலை வருவதைக் கத்திச் சொல்வது மட்டும். இன்னொருவர் அகப்பட்டவரின் தலைமாட்டில் இருந்து முகம் தண்ணீருக்கு மேலே இருக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும், விழும்போது தலையோ கழுத்தோ அடிபட்டிருந்தால் கழுத்தைத் திருப்பாமல். மூன்றாமவர் 1990 க்கு அழைக்க வேண்டும், சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். மிச்சப் பேர் கிண்டுங்கள்.

குற்றியைத் தூக்க முயல வேண்டாம். காலுக்குக் கீழேயும் பக்கத்திலும் உள்ள மணலைக் கையால், கோப்பையால், தேங்காய்ச் சிரட்டையால், கிடைத்ததால் தோண்டினால் கால் கீழே இறங்கி இடைவெளி வரும். குற்றியின் கடற்பக்கம் யாரும் குந்தியிருக்கக் கூடாது, முனைப் பக்கமாக இருந்து தோண்டுங்கள். முடிந்தால் இரண்டு பக்கமும் கல்லோ கட்டையோ அடைகொடுத்து உருளாமல் நிறுத்துங்கள். கரைவலைக்காரரோ படகுக்காரரோ பக்கத்தில் இருந்தால் கூப்பிடுங்கள், கயிறும் உருளைக்கட்டையும் அவர்களிடம் இருக்கும், தினமும் பாரமான படகை ஏற்றி இறக்குகிற கைகள்.

வெளியே எடுத்ததும் உலர்ந்த மேட்டுக்குக் கொண்டுபோங்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். எத்தனை மணிக்கு அகப்பட்டார், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று அம்புலன்ஸ்காரரிடம் சொல்லுங்கள், நீண்ட நேரம் நசுங்கிய கால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பாதிப்பு இருக்கும்.

8. ஒருவர் மூழ்கினால்

பின்னால் பாய்ந்தவரும் சேர்ந்து போவதுதான் கடலில் அடிக்கடி நடப்பது. பாயாதீர்கள். மிதப்பது எதையாவது எறியுங்கள்: மூடி இறுக்கிய ஐந்து லீற்றர் வெற்றுத் தண்ணீர்க் கேன் ஒரு ஆளைத் தாங்கிப் பிடிக்க உதவும், அதில் கயிறு கட்டியிருந்தால் இழுக்கவும் முடியும். கடற்கரைக்குப் போகும் வாகனத்தில் ஒரு வெற்றுக் கேனும் இருபது மீற்றர் நைலோன் கயிறும் வைத்திருங்கள், பெரிய செலவில்லை. உயிர்காப்பாளர் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள், 119 க்கும் அழையுங்கள்.

கரைக்கு எடுத்தவர் மூச்சு விடவில்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க நேரம் செலவழிக்காதீர்கள், தலைகீழாகத் தூக்கவும் வேண்டாம். மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து 5 தடவை ஊதுங்கள், அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 தடவை அமுக்கல், 2 ஊதல், திரும்பவும் 30. பெரியவருக்கு 5 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. அம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும், தண்ணீர் குடித்தவர் இருமிக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர் இது, ஆகவே ஒரு வார்த்தை: கடல் திடீரென்று உள்வாங்கினால், அல்லது நிலம் நீண்ட நேரம் நடுங்கினால், பையையும் செருப்பையும் விட்டுவிட்டு உயரமான இடத்துக்கு ஓடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

9. விடுமுறையை வீணாக்க வேண்டாம்

வாடையில் வந்தவர்கள் திரும்பிப் போகத் தேவையில்லை. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறு இருக்கிறது, மழைக்குளிருக்கு அதைவிடச் சுகமான குளிப்பு இல்லை. மார்பிள் பீச் பக்கம் குடாவுக்குள் ஒதுங்கியிருப்பதால் அலை குறைவு, அங்கும் கொடியைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். திறந்த கடலை மேட்டில் இருந்து பாருங்கள், கோணேசர் மலையில் நின்று வாடைக் கடலைப் பார்ப்பதற்கென்றே நான் டிசம்பரில் போவேன்.

கச்சான் காலத்தில் வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அலை இல்லாத கடலில் பிள்ளைகளை டியூப்பில் மிதக்க விடுவீர்கள். கச்சான் தரையில் இருந்து கடலுக்கு அடிக்கும் காற்று, காற்றடைத்த டியூப்பை நீங்கள் நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் வெளியே கொண்டுபோகும், கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோல் இருப்பதால் தூரம் போனது தெரியாது. டியூப்பில் கயிறு கட்டி, மறுமுனையை இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஒரு பெரியவரின் கையில் கொடுங்கள். கரையில் கிடக்கும் குற்றியில் கட்டாதீர்கள்.